சொல்லக் கூடாது என்று சொன்னேன்

எனக்குக் குரல் பெரிசு. நான் வீட்டில் ரகசியம் பேசினால் எதிர் மாடியில் துணி உலர்த்துகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்று என் கணவர் சொல்வார். உட்கார்ந்த இடத்தில் பத்து நிமிஷம் சேர்ந்தாற்போல் உட்காரவும் வராது. இப்படிப்பட்டவளுக்கு, ஊர்ப் பெண்களின் உடம்பு சமாசாரங்களை உட்கார்ந்து எழுதிப் பத்திரமாக வைத்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கொடுத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

தொண்ணூறுகளின் நடுவில், மயிலாப்பூரில், குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு மாடியில் அந்தக் கிளினிக் இருந்தது. நோய் என்று படுத்தவர்கள் அங்கே வரமாட்டார்கள். நன்றாக நடமாடிக்கொண்டிருக்கும் பெண்களைக் கூப்பிட்டு, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் தலைகாட்டுகிறதா என்று முன்கூட்டியே பார்த்துச் சொல்லுவோம். ஒரு குச்சியால் லேசாகத் தடவி எடுத்து, கண்ணாடித் துண்டில் பூசி, லேபுக்கு அனுப்புவது. வலி கிடையாது, கூச்சம்தான். முகூர்த்தம் இல்லாத நாட்களில் கல்யாண மண்டபம், லீவு நாட்களில் பள்ளிக்கூட ஹால், அடையாற்றங்கரைக் குடிசைகளுக்கு நடுவே துணிப் பந்தல் என்று முகாம் நடக்கும். டாக்டரம்மா ஒருவர், கூடமாட ஒத்தாசைக்கு ஒரு ஆயா, ரிஜிஸ்டர் எழுத நான். மூன்றே பேர்தான்.

ரிஜிஸ்டர் என்பது இரண்டு கையாலும் தூக்க வேண்டிய கெட்டி அட்டை நோட்டு. பெயர், புருஷன் பெயர், விலாசம், எத்தனை வயதில் கல்யாணம், எத்தனை பிரசவம், கலைந்தது எத்தனை, வெள்ளை படுகிறதா, நடுவில் ரத்தம் போகிறதா. கடைசிக் கட்டம் ரிசல்ட்டுக்கு. மறுபடி கூப்பிட்டுப் பார்க்க வேண்டியவர்களின் வரியைச் சிவப்பு மையில் எழுதச் சொல்லியிருந்தார்கள், விட்டுப்போகக் கூடாது என்பதற்காக. நோட்டு திறந்திருந்தால் வாசலில் நின்றபடியே சிவப்பு தெரியும். அது அப்போது யாருக்கும் தப்பாகப் படவில்லை, எனக்கும் படவில்லை.

மண்டபத்தில் பெஞ்சு போட்டு வரிசையாக உட்கார வைத்துக் கேள்வி கேட்பேன். அடுத்தவள் காதில் விழும் என்று பெண்கள் குரலைத் தாழ்த்துவார்கள். கலைந்தது எத்தனை என்று கேட்டால் சிலர் வாயைத் திறக்காமல் புடவைத் தலைப்புக்குள் விரலைக் காட்டுவார்கள். நான் எழுதிக்கொண்டே, "ரெண்டா?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சரிபார்ப்பேன். அந்தப் பெண்களின் முகத்தை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. வேலை வேகமாக நடக்கிறது என்ற திருப்திதான் எனக்கு.

வேலையில் சேர்ந்த அன்று டாக்டரம்மா, "இந்த நோட்டில் இருக்கறது இந்த ரூமைத் தாண்டக் கூடாது" என்று சொல்லி இரும்பு பீரோவின் சாவியைக் கையில் கொடுத்தார். நானும் பயபக்தியோடு வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டேன். கொஞ்ச நாளில் பயபக்தி போய்விட்டது. ஒரு மிதப்பு வந்தது. மாட வீதியில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிரே ஒரு மாமி வந்தால், அவள் முகம் மனசில் பதிவதற்கு முன்னால் அவளுடைய ரிஜிஸ்டர் வரி எனக்கு ஞாபகம் வரும். பட்டுப் புடவையும் வைரத் தோடுமாக வருவாள். நான் மனசுக்குள் அவளுடைய கடைசிக் கட்டத்தைப் படிப்பேன். இதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது நன்றாகத்தான் இருந்தது.

இந்த நிலையில்தான் தி.நகரிலிருந்த என் நாத்தனார், என் கணவரின் அக்கா, பிள்ளைக்குப் பெண் தேட ஆரம்பித்தார். பம்பாயில் வேலை பார்க்கும் ஒரே பிள்ளை. எங்கள் பக்கத்தில் ஜாதகம் பொருந்தினால் மட்டும் போதாது, விசாரிக்க வேண்டும். பெண் வீட்டுத் தெருவில் பழைய குடித்தனக்காரர் யார், பெண்ணின் அப்பா வேலை பார்த்த ஆபீஸில் நமக்குத் தெரிந்தவர் யார், பாட்டு வாத்தியார் யார் என்று தேடிப் பிடித்து, குடும்பத்தில் ஆஸ்துமா உண்டா, வெள்ளைத் தழும்பு உண்டா, சித்தம் கலங்கினவர்கள் உண்டா என்று காதோடு காதாகக் கேட்பார்கள். கேட்பதை யாரும் தப்பாக நினைப்பதில்லை. கேட்காமல் இருந்தால்தான் பொறுப்பில்லாதவர்கள் என்பார்கள்.

நாத்தனார் விசாரிப்பதில் புலி. ஒரு நாள் எனக்கு போன் பண்ணினார்.

"உங்க கேம்புக்கு மயிலாப்பூர்ப் பொம்மனாட்டிகள் எல்லாரும் வராளாமே. கோபாலபுரத்துல ஒரு எடம் வந்திருக்கு. பொண்ணோட அம்மா பேர் உன் நோட்டுல இருக்கான்னு பாரேன். அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வருமாமே. நமக்குள்ளதானே, வெளியில யாருக்குத் தெரியப்போறது?"

நமக்குள்ள என்ற வார்த்தையில் நான் விழுந்தேன். வெளியே போகக் கூடாது என்று டாக்டரம்மா சொன்னது ஊராரைத்தான். நாத்தனார் எப்படி வெளியாள் ஆவார்? மறுநாள் பார்த்தேன். அந்தப் பெயரே நோட்டில் இல்லை. "பேரே இல்லைக்கா" என்று போனில் சொன்னேன். அந்தச் சம்பந்தம் வேறு காரணத்தால் தட்டிப்போனது. அடுத்தது அடையாறு. அந்தப் பெண்ணின் அம்மா முகாமுக்கு வந்திருந்தாள். "வந்திருக்கா, எல்லாம் நார்மல்" என்று சொன்னேன். நோய் இருப்பதுதானே ரகசியம், இல்லாததில் என்ன ரகசியம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது எனக்குத்தான் முதல் டபரா காபி வந்தது. கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அந்த வீட்டில் என்னை ஒரு மனுஷியாக மதித்தது அப்போதுதான். அடையாறு ஜாதகத்தில் ஏதோ பொருத்தம் குறைந்ததால் அதுவும் நின்றது.

மூன்றாவது மந்தைவெளி. எட்டுப் பொருத்தம். பெண் பாங்க் பரீட்சை பாஸ் பண்ணியிருந்தாள். பெண் பார்த்து, சொஜ்ஜி பஜ்ஜி சாப்பிட்டு, பையனும் போட்டோவைப் பார்த்துச் சரி என்றாகிவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் தி.நகர் போயிருந்தபோது நாத்தனார் பெண்ணின் போட்டோவைக் காட்டினார். பிறகு சாதாரணமாக, பெண்ணின் அம்மா பெயரையும் தெருப் பெயரையும் சொன்னார். "நாளைக்கு ஆபீஸ் போனதும் பாத்துச் சொல்லிடு. வெள்ளிக்கிழமை பேசி முடிச்சுடலாம்னு இருக்கோம்."

நான் போய்ப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லாமல் இருந்தது. முந்தின நாள் திங்கட்கிழமைதான் லேபிலிருந்து காகிதக் கட்டு வந்திருந்தது. அந்தப் பெயரை, அந்தத் தெருவை, நானே என் கையால் சிவப்பு மையில் எழுதியிருந்தேன். சந்தேகம், மறுபரிசோதனை அவசியம் என்று. அந்த மாமிக்குக் கடிதம்கூட இன்னும் போகவில்லை. கடிதங்களை வியாழக்கிழமைதான் மொத்தமாக எழுதித் தபாலில் சேர்ப்பேன்.

முதல் தடவையாக டாக்டரம்மா சொன்னது எனக்கு உறைத்தது. கையிலிருந்த போட்டோவைக் கீழே வைத்தேன்.

"அதெல்லாம் சொல்லக் கூடாதுக்கா" என்றேன். "ரொம்ப ஸ்ட்ரிக்டா சொல்லியிருக்கா."

நாத்தனார் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "சரி, வேண்டாம். உன் வேலைக்கு எதுக்கு ஆபத்து?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் காபி கொண்டுவந்தார். வேறு பேச்சுப் பேசினோம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எனக்குப் பெருமை பிடிபடவில்லை. எவ்வளவு வற்புறுத்தினாலும் வாயைத் திறக்கவில்லை பார் என்று என்னையே மெச்சிக்கொண்டேன். உண்மையில் யாரும் வற்புறுத்தவே இல்லை. அது அன்றைக்கு எனக்கு உறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு கிளினிக்குக்கு போன் வந்தது.

"மந்தைவெளி ஜாதகத்தைத் திருப்பிக் குடுத்துட்டோம். சேரலைன்னு தரகர்கிட்ட சொல்லிட்டேன். நல்ல வேளை, நீ சொன்னியோ, தப்பிச்சோம்."

"நான் ஒண்ணுமே சொல்லலையேக்கா!"

"அதான் சொல்றேன். ஒண்ணும் இல்லேன்னா இல்லேன்னு சொல்லியிருப்பியே, கோபாலபுரத்துக்கும் அடையாறுக்கும் சொன்ன மாதிரி. இதுக்கு மட்டும் வாயை மூடிண்டா என்ன அர்த்தம்? எனக்குத் தெரியாதா?"

அதோடு நான் போனை வைத்திருக்கலாம். வைக்கவில்லை. "ஐயோ, கான்சர்னு முடிவாகலைக்கா, சந்தேகம்தான், இன்னொரு டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்" என்று மாமிக்குப் பரிந்துகொண்டு கத்தினேன். பாதி தெரிந்திருந்ததை முழுசாக்கிக் கொடுத்தேன். என் பெரிய குரலில், கிளினிக் வராந்தாவில் நின்றுகொண்டு. நாத்தனார், "பாவம்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அதற்குப் பிறகு அந்த வாரம் எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். பீரோவைத் திறப்பேன், அந்தப் பக்கத்தைப் பார்ப்பேன், மூடுவேன். பூட்டினேனா என்று மறுபடி வந்து இழுத்துப் பார்ப்பேன். வியாழக்கிழமை கடிதம் எழுதும்போது அந்த மாமியின் விலாசத்தை மூன்று உறையில் எழுதிக் கிழித்தேன். வீட்டில் சாம்பாருக்கு இரண்டு தடவை உப்புப் போட்டேன். கணவரிடம் சொல்லலாமென்றால், அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்வதாகிவிடும். ராத்திரி எழுந்து குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிற சாக்கில் சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். நாத்தனார் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒரு தடவை தோன்றும். சொல்லாமல் எப்படி இருப்பார் என்று அடுத்த நிமிஷம் தோன்றும்.

திங்கட்கிழமை மாமியே வந்தாள். ஐம்பதை நெருங்கும் வயது, ஒடிசலான உடம்பு, கைத்தறிப் புடவை. பெஞ்சில் உட்காராமல் என் மேஜைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். டாக்டரம்மா அன்று வெளியே போயிருந்தார். கையில் என் கடிதத்தை எட்டாக மடித்து வைத்திருந்தாள்.

"இது சனிக்கிழமை வந்தது" என்றாள். குரல் தணிந்திருந்தது. "வெள்ளிக்கிழமை கோவில்ல ஒரு மாமி என் கையைப் பிடிச்சுண்டு, உடம்பு எப்படி இருக்கு, தைரியமா இருங்கோங்கறா. எனக்கு ஒண்ணும் புரியலை. ஜலதோஷத்தைக் கேக்கறாளோன்னு நெனைச்சு, இப்போ தேவலைன்னு சொன்னேன். ஆத்துக்கு வந்தா எங்காத்துக்காரர், உனக்கு என்னமோ வியாதியாமே, எங்கிட்ட ஏன் மறைச்சேன்னு கேக்கறார். எனக்கே தெரியாததை நான் எப்படி மறைக்கறது? மறுநாள் உங்க கடுதாசி வந்தது."

நான் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"பொண்ணுக்கு வந்த சம்பந்தம் நின்னுபோச்சு. போகட்டும். வேற வரும். ஆனா இங்கேருந்து சேதி எப்படிப் போச்சு?" அவளே பதிலும் சொன்னாள். "உங்க ஆயா காலம்பற எங்க தெருவுல, பக்கத்தாத்துல பாத்திரம் தேய்க்கறா. அன்னிக்குக் கேம்புல என்னை உள்ள கூட்டிண்டு போய்ப் படுக்க வெச்சவளும் அவதான். வேற யாரு சொல்லியிருப்பா? இன்னொரு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லி எழுதியிருக்கேள். அவ இருக்கற எடத்துக்கு நான் வரமாட்டேன். அவ இல்லாத நாள் சொல்லுங்கோ, வரேன். உங்களை நம்பித்தான் வந்தேன்."

இந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மாமி திரும்பிப் போய்விடுவாள், மறுபடி எந்த ஆஸ்பத்திரி வாசலையும் மிதிக்க மாட்டாள், சந்தேகம் நிஜமாகி உள்ளே வளரும் என்று பயம். சொல்லாவிட்டால் பழி ஆயா தலையில். இரண்டையும் எடை போட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் என் மானம்தான் முதலில் கண்ணுக்குத் தெரிந்தது.

"புதன்கிழமை வாங்கோ மாமி, அவ இருக்க மாட்டா" என்று தலையாட்டினேன்.

டாக்டரம்மாவிடம், ஒரு பேஷன்ட் ஆயா இருந்தால் கூச்சப்படுகிறாள் என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஆயிரம் வேலை. அடுத்த வாரம் பாலவாக்கத்தில் நடக்கவிருந்த முகாமைப் பற்றி வீடு வீடாகச் சொல்லிவர, புதன்கிழமை ஆயாவை அனுப்பிவிடச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆயாவிடம் இதைச் சொன்னபோது அவள் வேறு எதிலோ கொதித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது அநியாயமா கீது? அந்த மந்தைவெளி வூட்டுல இனிமே வராதன்னுட்டாங்க. ஆறு வருசமா வேல செய்யறேன். நான் இன்னா திருடிட்டேனா? இன்னா காரணம்னு கேட்டா, வாய அடக்கத் தெரியணும்ன்றாங்க. நான் யாராண்ட இன்னா பேசிட்டேன்? நீயே சொல்லு. இந்தத் தெருப் பக்கமே தலகாட்டாதன்றாங்கம்மா."

ஆயாவின் குடிசை கால்வாய்க் கரையில். பறக்கும் ரயிலுக்குத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள், எந்த நாளும் காலி பண்ணச் சொல்லலாம் என்ற பயத்திலேயே இருந்தாள். அதோடு இதுவும். "விசாரிக்கிறேன் ஆயா" என்றேன். விசாரிக்கிறேன் என்ற வார்த்தை என் வாயிலிருந்து வந்ததைக் கேட்டு எனக்கே அருவருப்பாக இருந்தது.

புதன்கிழமை மாமி சொன்ன நேரத்துக்கு வந்தாள். கூட யாரும் வரவில்லை. இந்தத் தடவை சின்னத் துணுக்கு ஒன்றை வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும். டாக்டரம்மா கதவைச் சாத்திக்கொண்டார். ஆயா இல்லாததால் அவரே எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டார். வெளியே வராந்தாவில் நான் நடந்தேன். கடைசித் தூண் வரை போய்த் திரும்பினேன். கீழே தண்ணி லாரி வந்து நின்று, குடங்கள் இடித்துக்கொண்டு, சண்டை போட்டு, லாரி கிளம்பியும் போய்விட்டது. மாமி உள்ளே இருக்கும்வரை சொல்லக் கூடாது, வெளியே வந்த பிறகு சொல்லாமல் விடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டேன். சொல்லாமல் விட்டுவிட ஆயிரம் காரணமும் தோன்றிக்கொண்டே இருந்தது.

மாமி வெளியே வந்தாள். முகம் வெளுத்திருந்தது. மாடிப்படி இறங்கக் கையைப் பிடித்துக்கொண்டேன். பாதிப் படியில், திருப்பத்தில், நின்றேன்.

"மாமி, ஆயா இல்லை. நான்தான்."

என் குரல் எனக்கே கேட்கவில்லை. "என்ன? கேக்கலை" என்றாள். மறுபடி சொன்னேன்.

"தி.நகர்ப் பையனோட அம்மா என் நாத்தனார்."

மாமி படியில் உட்கார்ந்துவிட்டாள். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்தேன்.

"நீங்க சொன்னேளா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் சொன்னேன் மாமி. ஆனா அதுக்கு முன்னாடி ரெண்டு எடத்துக்கு ஒண்ணும் இல்லேன்னு சொல்லியிருந்தேன்."

எனக்குப் புரிய ஒரு ராத்திரியும் ஒரு போன் காலும் தேவைப்பட்டது. மாமிக்கு ஒரு கணம்கூட ஆகவில்லை.

"உங்க நாத்தனார் கெட்டிக்காரி" என்றாள். சிரிப்பு மாதிரி ஏதோ வந்து நின்றுபோனது. "நான் போயும் போயும் அந்த ஆயாவைச் சந்தேகப்பட்டு, பக்கத்தாத்துலயும் சொல்லி..."

"அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கக்கூடத் தெரியாது மாமி. நோட்டையே கையில குடுத்தாலும் அவளுக்கு ஒண்ணும் தெரியாது. திங்கட்கிழமை நீங்க அவளைச் சொன்னப்போ எனக்கு இது தெரியும். தெரிஞ்சுண்டேதான் தலையாட்டினேன்."

"இன்னிக்கு உள்ள போறதுக்கு முன்னாடி ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா நீங்க டெஸ்ட்டுக்குப் போயிருக்க மாட்டேள்."

"போயிருக்க மாட்டேன்தான்" என்று ஒப்புக்கொண்டாள். பிறகு, "அதையும் நீங்களே தீர்மானம் பண்ணிட்டேள்" என்றாள்.

அவள் கத்தியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அவளுக்கு முன்னால் நான் அழுவது இன்னொரு அநியாயம் என்று பட்டதால் அடக்கிக்கொண்டேன்.

"ரிசல்ட் வந்தா யார் மொதல்ல பாப்பா?" என்று கேட்டாள்.

"நான்தான். பிரிச்சு நோட்டுல ஏத்தறது நான்."

"வேண்டாம். டாக்டர் பாக்கட்டும். கவர்ல போட்டு ஒட்டி, அந்த ஆயாகிட்ட குடுத்தனுப்பச் சொல்லுங்கோ. தபால் வேண்டாம், நீங்களும் வேண்டாம். அவ எங்க தெருவுக்கு வரட்டும். வாசல் வழியா எங்காத்துக்குள்ள வரட்டும்." சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். நான் நீட்டிய கையை அவள் பிடித்துக்கொள்ளவில்லை. தனியாகவே இறங்கிப் போனாள்.

அன்று சாயங்காலமே டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். கையை நீட்டினார். இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தேன். "உங்களை வேலையை விட்டு அனுப்பினா இன்னொருத்தி வருவா, அவளுக்கும் நாத்தனார் இருப்பா" என்றார். அதன் பிறகு ரிசல்ட் காகிதங்களை அவரேதான் பிரித்தார். ரிஜிஸ்டரில் பெயருக்குப் பதில் நம்பர் வந்தது, பெயர்கள் வேறு நோட்டில் அவருடைய மேஜைக்குள் போயின. சிவப்பு மை நின்றது. இதையெல்லாம் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று அவரும் சொன்னார். மாமியின் சமாசாரத்தை மொட்டைமாடிக் கொடியில் துணி மாதிரி ஊர் பார்க்கத் தொங்கவிட்ட பிறகுதான் எங்கள் எல்லாருக்கும் புத்தி வந்தது.

ஆயாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. மறுநாள் அவள் கண்ணாடித் துண்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது சொன்னேன். கை நின்றது.

"நீயா சொன்ன?"

"நான்தான்."

"நான்னு நெனச்சிட்டாங்களா? நீ கம்முனு இருந்தியா?"

"இருந்தேன்."

அவள் மறுபடி அடுக்க ஆரம்பித்தாள். பெட்டியை நிரப்பி மூடினாள். பிறகு, "இத்தினி நாளா அந்தத் தெருவாளுங்க எதிர்ல வந்தா மூஞ்சியப் பாக்க முடில எனுக்கு. திருடினவ மேரி ஒதுங்கி ஒதுங்கி போய்க்கினு இருந்தேன். நீ இங்க குந்திக்கினு எழுதிக்கினு இருந்த" என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். மாமி கவரை அவளிடம் கொடுத்தனுப்பச் சொன்னதைச் சொன்னபோது, "நான் போமாட்டேன். வராதன்ன தெருவுக்கு நான் எதுக்குப் போவணும்?" என்றாள். டாக்டரம்மா கேட்டுக்கொண்டபோதும் உடனே சரி என்று சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான், "அந்தம்மாவுக்கோசரம் போறேன். உனுக்கோசரம் இல்ல" என்று என்னிடம் தனியாக வந்து சொன்னாள்.

பத்து நாளில் காகிதம் வந்தது. எனக்கு எதிரேதான் டாக்டரம்மா பிரித்தார். அவர் முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுபடி பார்த்தேன். அவர் ஒரு பக்கம் எழுதி, கவரில் போட்டு, கோந்து தடவி ஒட்டி, ஒட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டார். ஆயா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு படியிறங்கினாள்.

ஒரு மணி நேரம் ஆகும் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மணி நேரமாகியும் வரவில்லை. நான் எழுதவேண்டிய நம்பரெல்லாம் தப்புத் தப்பாக வந்தது. வாசலுக்குப் போனேன், வந்தேன். நல்ல செய்தியாக இருந்தால் இவ்வளவு நேரமாகாது என்று நினைத்தேன். கெட்ட செய்தியாக இருந்தால் மாமி ஆயாவை உடனே அனுப்பியிருப்பாள், யாராவது அந்நியர் முன்னால் அழுவார்களா என்றும் நினைத்தேன். அவள் பிழைத்துவிட்டால் நான் செய்தது பாதியாவது குறையும் என்று என் மனசு பேரம் பேசிக்கொண்டிருந்தது.

ஆயா படியேறி வருவது கேட்டதும் ஓடினேன்.

"என்ன ஆயா, இவ்வளவு நேரம்? மாமி இருந்தாளா?"

"இருந்தாங்க. வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. உள்ள கூப்டு ஒக்கார வெச்சாங்க. காபி குடுத்தாங்க. பக்கத்து வூட்டம்மாவக் கூப்டு, இவ மேல ஒரு தப்பும் இல்ல, தப்பு என்னுதுன்னு எம் முன்னாடியே சொன்னாங்க."

"கவரைப் பிரிச்சாளா?"

"பிரிச்சாங்க. படிச்சாங்க. இன்னொரு தபா படிச்சாங்க. அப்பால எனுக்கும் சொன்னாங்க."

"என்னன்னு?"

ஆயா புடவையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டாள். என்னை நேராகப் பார்த்தாள். கோபம் இல்லை.

"அத்த நீ அவங்களாண்டயே கேட்டுக்கோம்மா" என்றாள்.

வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியிடம் நான் கேட்கவில்லை. இன்று வரை எனக்குத் தெரியாது.